திடீரென ஒரு காது கேளாமற்போனால்

காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. நேற்றுக் குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்று எண்ணித் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்க்கிறோம். சளியாக இருக்கும் என்று ஆவி பிடிக்கிறோம். குறும்பி சேர்ந்திருக்கும் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். அதற்குள் அலுவலகத்துக்கு நேரமாகிவிடுகிறது. மாதக் கடைசி, வேலை தலைக்குமேல் கிடக்கிறது. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறோம். சனிக்கிழமையோ உறவினர் வீட்டுத் திருமணம். அடைப்பு நீங்கவில்லை, போதாக்குறைக்கு அதே காதில் ஓயாத இரைச்சல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவது வாரம் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்முன் சென்று அமரும்போது அவர் கேட்கும் முதற்கேள்வி இதுதான்: "எப்போதிலிருந்து?"

அந்தக் கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, அதன்பின் அவரால் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி அமைகிறது.

வங்கி அட்டை தொலைந்துவிட்டால் நாம் யாரும் சனிக்கிழமை வரை காத்திருப்பதில்லை. அந்த நிமிடமே வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்குகிறோம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பைப் பெருக்கும் என்பது நமக்குத் தெரியும். திடீரென ஒரு காது கேளாமற்போவதும் அத்தகைய அவசரமே. ஆனால் அதில் வலி இல்லை, இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகையால் அவசரம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. இந்தக் கட்டுரையின் நோக்கம் அந்த ஓர் எண்ணத்தை மாற்றுவதே.

அடைப்பா, இழப்பா?

மருத்துவத்தில் இது திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு எனப்படுகிறது. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களிலேனும் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கேள்திறன் குறைந்தால் அதற்கு இப்பெயர் பொருந்தும். காதருகே ஒருவர் கிசுகிசுக்கும் ஒலி ஏறத்தாழ 30 டெசிபெல். பெரும்பாலும் ஒரு காதில் மட்டுமே இது நேர்கிறது. பலர் தூங்கி எழும்போது உணர்கின்றனர். சிலர் தொலைபேசியை அந்தக் காதில் வைக்கும்போதுதான் உணர்கின்றனர்.

இது அன்றாடம் காணும் நோயன்று. ஆயினும் மிக அரிது என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேர் வரை இதற்கு ஆளாவதாக அமெரிக்க மருத்துவ வழிகாட்டு நெறிகள் மதிப்பிடுகின்றன. எந்த வயதிலும் வரலாம் என்றாலும் நடுவயதிலும் அதற்குப் பின்னும் உள்ளவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது.

2024 ஜூன் மாதத்தில் இந்தித் திரையிசைப் பாடகி அல்கா யாக்னிக் இதைப் பற்றிச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். விமானத்திலிருந்து இறங்கி வந்தபோது தமக்குத் திடீரென எதுவுமே கேட்கவில்லை என்றும், வைரஸ் தாக்குதலால் விளைந்த அரிய வகை நரம்புவழிச் செவித்திறன் இழப்பு என மருத்துவர்கள் கண்டறிந்ததாகவும் அவர் தெரிவித்தார். மிகுந்த ஒலியில் இசை கேட்பதையும் ஹெட்போன் பயன்பாட்டையும் குறித்து ரசிகர்களையும் உடன் கலைஞர்களையும் எச்சரிக்கவும் செய்தார். பல ஆண்டுகளாகக் காதையே நம்பி வாழ்ந்த ஒருவருக்கும் முன்னறிவிப்பின்றி இது நேர்ந்தது என்பதைப் பலரும் அப்போதுதான் அறிந்துகொண்டனர்.

உட்செவியில் நடப்பது என்ன?

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓட்டைப்போல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட, பட்டாணி அளவே உள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் வரிசையாக அமைந்த சுமார் 15,000 மயிர்ச்செல்களே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. குறும்பியோ சளியோ அடைத்தால் ஒலி உள்ளே செல்லும் வழிதான் மறிக்கப்படுகிறது. அடைப்பை நீக்கினால் ஒலி மீளும். நரம்புவழி இழப்பில் வழி திறந்தே இருக்கிறது. ஒலியைப் பெற்றுக்கொள்ளும் மயிர்ச்செல்களோ நரம்போ செயல் குன்றியிருக்கின்றன. மனிதரில் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவை நலிந்திருக்கும் நிலைக்கும் அழிந்துபோகும் நிலைக்கும் இடைப்பட்ட குறுகிய காலமே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

உட்செவிக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது மெல்லிய ஒரே ஒரு தமனி. அதில் தடை ஏற்பட்டால் ஈடுசெய்ய மாற்று வழி கிடையாது. வைரஸ் தொற்று, இரத்த ஓட்டத் தடை, உடலின் தற்காப்பு ஆற்றல் தன் உறுப்பையே தாக்குதல் ஆகியவை காரணங்களாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். ஆயினும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் திட்டவட்டமான காரணம் புலப்படுவதில்லை. ஆகவே, 'நாம் என்ன தவறு செய்தோம்' என்று இரவெல்லாம் மனம் புழுங்குவதில் பயனில்லை. பெரும்பாலும் நாம் எந்தத் தவறும் செய்திருப்பதில்லை.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

வீட்டிலேயே எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்...' என்று நீட்டி முனகிப் பார்ப்போம். அந்த ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால், குறும்பி அல்லது நடுச்செவியில் நீர் போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. நல்ல காதின் பக்கம் பலமாகக் கேட்டால், நரம்புவழி இழப்பாக இருக்கலாம். மருத்துவர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் அடிப்படையும் இதுவே. இந்த முனகல் இறுதித் தீர்ப்பு ஆகாது. விடை எதுவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் இன்றே புறப்பட வேண்டும் என்னும் உறுதியை அது நமக்குத் தரும்.

செல்ல வேண்டியது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம். அதுவும் அன்றோ மறுநாளோ. அருகில் அத்தகைய மருத்துவர் இல்லையெனில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தனித் துறை உண்டு. காதுக்குள் பார்த்துக் குறும்பியோ தொற்றோ இல்லை என்று தெரிந்த பிறகும் காது கேட்கவில்லையென்றால், கேள்திறன் சோதனை செய்யுமாறு நாமே பணிவுடன் கேட்கலாம். ஒலி புகாத அறையில் அமர்த்தி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று குறிக்கும் வரைபடமே அது. இழப்பு உண்டா, எவ்வளவு, எந்த வகை என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். அதனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் முன்னேற்றத்தை அளக்க அதுவே அடிப்படை.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. காது கேளாமற்போனதோடு முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நிற்க முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது காது மருத்துவரைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவையும் சில உள்ளன. பூண்டு காய்ச்சிய எண்ணெயோ வெறும் எண்ணெயோ காதில் விடுவதும், ஊக்கையோ பஞ்சுக் குச்சியையோ நுழைத்துக் குடைவதும் வேண்டா. பக்கத்து வீட்டார் தந்த சொட்டு மருந்தும் வேண்டா. இவை எதுவும் உட்செவியை எட்டுவதில்லை, செவிப்பறையைப் புண்ணாக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, இவற்றைச் செய்துகொண்டு நாள்களைக் கடத்துவதே.

மருந்தும் நம்பிக்கையும்

இன்று பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் கையாளுவது ஸ்டீராய்டு மருந்து. மாத்திரையாக ஓரிரு வாரங்கள் கொடுத்துப் பிறகு படிப்படியாகக் குறைப்பர். அல்லது செவிப்பறையின் வழியே ஊசி மூலம் நடுச்செவியில் செலுத்துவர். தொடங்குவதானால் இழப்பு நேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே நன்று. மாத்திரையால் போதிய பயன் கிட்டாதவர்களுக்கு இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ஊசிவழி மருந்து தரப்படுவதுண்டு. சில பெருநகர மருத்துவமனைகளில் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும் ஸ்டீராய்டுடன் சேர்த்து அளிக்கப்படுகிறது.

இதில் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஸ்டீராய்டு எல்லோருக்கும் கேள்திறனை மீட்டுத் தருவதில்லை. அதன் பயன் எவ்வளவு என்பதில் ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. மறுபுறம், எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் இரு பங்கினர் வரை ஓரளவேனும் மீள்கின்றனர். இழப்பு கடுமையாக இருந்தால், தலைச்சுற்றல் சேர்ந்திருந்தால், வயது முதிர்ந்திருந்தால், சிகிச்சை தாமதமானால் மீட்சியும் குறைகிறது. இவற்றுள் நம் கையில் இருப்பது கடைசியாகச் சொன்னது மட்டுமே.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நம் நாட்டில் பரவலாக உள்ளவை. ஸ்டீராய்டு மாத்திரை இரண்டையும் உயர்த்தக்கூடும், உறக்கத்தைக் கெடுக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். ஆகவே, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் காதுவழி ஊசி பொருத்தமாக இருக்கலாம். மாத்திரையை இடையில் நாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. செவி நரம்பில் மெதுவாக வளரும், புற்றல்லாத ஒரு வகைக் கட்டி மிகச் சிலருக்கு இப்படித் தன்னை வெளிப்படுத்தும். அது இல்லை என்று உறுதி செய்வதற்கே அச்சோதனை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கேள்திறன் சோதனை, மருந்து, ஊசி, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் பெரும்பகுதி வெளிநோயாளியாகவே செய்யப்படுவது. பல மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் வெளிநோயாளிச் செலவுக்கு இழப்பீடு கிடையாது. நம் பத்திரத்தில் என்ன உள்ளது என்பதை நலமாக இருக்கும்போதே படித்துவைத்துக்கொள்வது நல்லது. இத்தகைய நாளுக்காகச் சேமிப்புக் கணக்கில் ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கிவைத்திருந்தால், பணத்தை எண்ணிச் சிகிச்சையை ஒத்திவைக்க நேராது.

இரவில் கேட்கும் இரைச்சல்

கேள்திறன் இழந்தவர்களில் மிகப் பலரைக் கூடுதலாக வாட்டுவது காதிரைச்சல். சிலருக்கு அது சில்வண்டின் ஒலி. சிலருக்குக் குக்கரின் ஆவிச் சீற்றம். சிலருக்கு மின்மாற்றியின் உறுமல். பகலில் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். விளக்கணைத்துப் படுத்ததும் அது மட்டுமே உலகமாகிவிடும். 'இப்படியே இருந்துவிடுமோ' என்னும் அச்சம் அப்போதுதான் எழுகிறது.

இரைச்சல் ஏன் எழுகிறது என்று தெரிந்துகொண்டால் அச்சத்தில் பாதி குறையும். பழைய வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டுவோம். கூட்டக் கூட்ட இரைச்சலே பெருகும். காதிலிருந்து செய்தி குறைந்ததும் மூளையும் அதையே செய்கிறது. வராத செய்தியைத் தேடித் தன் உள் ஒலிபெருக்கியைக் கூட்டுகிறது. அப்போது நரம்பு மண்டலத்தின் சொந்த முணுமுணுப்பே நமக்கு ஒலியாகக் கேட்கிறது. நலமான காதுகளுக்கும் இது உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு ஆய்வாளர்கள், இயல்பான கேள்திறன் உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்தி என்ன கேட்கிறது என்று வினவினர். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகக் கூறினர். அறையிலோ ஒலி ஏதும் இல்லை.

ஆகவே முதல் விதி: முழு அமைதியைத் தேடாதிருத்தல். படுக்கையறையில் மின்விசிறி சுழலட்டும். மழையொலியோ மெல்லிய இசையோ இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்ந்த அளவில் ஒலிக்கட்டும். இரைச்சலை அமுக்கிவிடும் அளவுக்கு ஒலியைக் கூட்டக்கூடாது. அது காதுக்குக் கேடு. இரைச்சல் கூடியதா குறைந்ததா என்று மணிக்கொருமுறை செவிகொடுத்துப் பார்ப்பதும் வேண்டா. உற்றுக் கேட்கக் கேட்க, அது முக்கியமானது என்றே மூளை எண்ணிக்கொள்ளும். புகைவண்டி நிலையத்தின் அருகே குடியேறுபவர் முதல் வாரம் உறங்க மாட்டார். சில மாதங்களில் வண்டி போனதே தெரியவில்லை என்பார். வண்டியின் ஒலி குறைந்துவிடவில்லை. அவருடைய மூளை அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டது. பெரும்பாலோர்க்குக் காதிரைச்சலும் இவ்வாறே மெல்லப் பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. அதற்கு நாள்களன்று, மாதங்கள் ஆகும்.

சந்தையில் இரைச்சலைப் போக்கும் என்று விற்கப்படும் துணை மாத்திரைகள் பல. ஜிங்கோ, துத்தநாகம் போன்றவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டா என்பதே அமெரிக்க மருத்துவ வழிகாட்டு நெறிகளின் முடிவு. இரைச்சலால் உண்டாகும் துன்பத்தைக் குறைப்பதில் நல்ல சான்றுள்ளது, எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை. உறக்கமின்றி மனம் சோர்ந்து, வாழ்வே வெறுத்ததுபோல் தோன்றினால் அதை யாரிடமும் சொல்லாமல் அடக்கிவைக்கக்கூடாது. 14416 என்பது நடுவண் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றிப் பேசலாம்.

ஒரு காதுடன் வெளியுலகில்

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரு காதுகளையும் ஒப்பிட்டே அறிகிறது. ஒரு காது அடங்கியதும் அந்த ஒப்பீடு இல்லாமற்போகிறது. பின்னால் ஒலிப்பான் கேட்கும். வண்டி எப்பக்கம் என்பது தெரியாது. ஆகையால் முதல் சில வாரங்கள் சாலையைக் கடக்கும்போது கண்ணையே நம்ப வேண்டும். தலைச்சுற்றல் உள்ளவரை இரு சக்கர வண்டி ஓட்டக்கூடாது. நல்ல காதை மிகுந்த ஒலியிலிருந்து காக்க வேண்டும். பட்டாசும் ஒலிபெருக்கியும் உள்ள இடத்தில் காதடைப்பான் அணியலாம். அதற்காக வீட்டிலும் நாள் முழுதும் காதை மூடிவைக்க வேண்டியதில்லை.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் கத்திப் பேசுவதைவிட அருகில் வந்து, பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்துப் பேசுவது நூறு மடங்கு பயன் தரும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசலாம். உணவு மேசையில் நல்ல காது மற்றவர்களை நோக்கி இருக்குமாறு இடம் மாற்றிக்கொள்ளலாம். 'சொன்னது காதில் விழவில்லையா' என்னும் சலிப்பு, கேளாத காதைவிட மிகுதியாக வருத்தும் என்பதை நினைவிற்கொள்வோம்.

வங்கி அலுவல்களிலும் சில கவனங்கள் வேண்டும். தொலைபேசியில் எண்கள் தெளிவாகக் கேளாதபோது, "நீ பேசு" என்று அருகிலிருப்பவரிடம் கைபேசியைக் கொடுப்பது நம் வழக்கம். கணக்கு எண்ணும் ஓ.டி.பி.யும் பிறர் காதுக்குப் போவது அப்படித்தான். நடவடிக்கைத் தகவல்கள் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் வருமாறு பதிவு செய்துகொள்ளலாம். கிளைக்கு வரும்போது, விவரத்தைத் தாளில் எழுதித் தருமாறு தயங்காமல் கேட்கலாம். அது சலுகையன்று, வாடிக்கையாளரின் உரிமை. சரியாகக் கேளாத அழைப்பில் எதற்கும் 'சரி' என்று சொல்லிவிடக்கூடாது. ஏமாந்துவிட்டதாக ஐயம் எழுந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வாரங்கள் கடந்தபின்

சிகிச்சை முடிந்ததும் ஒருமுறை, ஆறு மாதத்தில் மீண்டும் ஒருமுறை கேள்திறனைச் சோதித்துப் பார்ப்பது முறை. மீட்சி பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். முழுதும் மீளாவிட்டாலும் வழிகள் அடைபட்டுவிடுவதில்லை. எஞ்சிய கேள்திறனுக்கேற்ற காதுக் கருவி உண்டு; கேளாத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவி உண்டு; எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் கருவி உண்டு; தேவைப்படுவோர்க்கு உட்செவி மின்கருவி அறுவை சிகிச்சையும் உண்டு. காதுக் கருவி, வெளியொலிகளை மீண்டும் கொண்டுவருவதால் பலருக்கு இரைச்சலின் தொல்லையையும் தணிக்கிறது. 1965-இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேள்விக் கழகம் போன்ற அரசு நிறுவனங்கள் இத்துறையில் சோதனையும் சிகிச்சையும் அளித்து வருகின்றன.

இவை அனைத்தும் பின்னால் வருபவை. முதலில் வருவது அந்த முதற்காலைதான். நம் வீட்டில் யாரேனும் ஒருவர், "ஒரு பக்கம் காது அடைத்தாற்போல் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். அப்போது தண்ணீரையும் சளியையும் காரணம் காட்டி வாரத்தைக் கடத்தாமல், அன்றே அவரை அழைத்துக்கொண்டு புறப்படுவோம். "எப்போதிலிருந்து?" என்று மருத்துவர் கேட்கும்போது, "இன்று காலையிலிருந்து" என்று சொல்லக்கூடியவர்களாக இருப்போம்.